பிரேம்காரர் சொல்லாத வரி

அண்ணனின் விரல்களில் காய்ந்துபோயிருந்த வார்னிஷை எண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. வலது கை ஒரு மாதிரி சுத்தமாகிவிட்டது. இடது கட்டைவிரல் நகத்தடியில் இருந்தது மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மனுஷனைப் போலவே.

“விடு, அது போகாது,” என்றாள் அண்ணி. “கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான் இருந்துச்சு.”

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியதிலிருந்து அண்ணி பேசிய முதல் வாக்கியம் அது. தங்கைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதற்கு இடம் கொடுப்பது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மதியம் தாண்டிவிட்டது. துக்கம் கேட்க ஒரு ஜீவன் வரவில்லை. அந்தத் தெருவில் அண்ணன் பிரேம் போட்ட படம் தொங்காத வீடு கிடையாது. அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் தெருமுனையில்தான் நின்றார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பந்தி காலியாவதற்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பேசாமல் நின்றார்கள். பிண வண்டியை உள்ளே விட்டவர்கள், வெளியே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் ஜீப் ஒன்று வந்து எட்டிப் பார்த்து, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. தெருவெல்லாம் கரண்ட் இருக்க, இந்த வீட்டில் மட்டும் இல்லை. குளிர்பெட்டி வெறும் பெட்டியாகி, அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும், பெண்கள் இரண்டு பேரும் அண்ணனை வெளியே எடுத்துப் பாயில் கிடத்தினார்கள். வெயில் காலம். இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தங்கை கணக்குப் போடப் பயந்தாள்.

இத்தனைக்கும் அண்ணன் செய்தது இதுதான். பிரேம் கடையில் புதுப் படம் வாங்க வருகிறவர்கள் பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஈரம் ஏறி, பூச்சி அரித்து, புனிதச் சின்னம் பாதி அழிந்துபோன படங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள மனசில்லை, குப்பையில் போடத் தைரியமில்லை. ‘நீங்களே பார்த்துக்கங்க பிரேம்காரரே’ என்பார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கொஞ்சம் சேர்ந்ததும் அண்ணன் ஒரு நாள் குளித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் ஒரு தகரத்தை விரித்து, காகிதங்களை மட்டும் பிரித்தெடுத்து எரிப்பார். சாம்பலை மரத்தடியில் போட்டு மண் மூடுவார்.

இந்தத் தடவை பின்பக்கம் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் தெருவிலேயே, பட்டப்பகலில் எரித்தார். தப்பு செய்கிறவன்தானே ஒளிய வேண்டும் என்று நினைக்கிற ஆள். யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற வீடியோ. அதில் சின்னம் எரிகிறது, அண்ணன் கம்பியால் கிளறுகிறார், சிரிக்கிறார். செருப்பில்லாத கால்கள் அதில் தெரியவில்லை. அந்தச் சிரிப்பும் சிரிப்பில்லை. கண்ணில் புகை பட்டால் அவர் முகம் அப்படித்தான் கோணும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்?

நேற்றுக் காலையில் மண்டபக் கமிட்டிக்காரர்கள் அவரை மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரும் கை வைக்கவில்லை. அவமதித்தேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். “எரிச்சேன்னு சொல்லச் சொல்லுங்க, நூறு தடவை சொல்றேன். அவமதிச்சேன்னு எப்படிங்க சொல்றது? அது பொய்யில்லையா?” என்றாராம் அண்ணன். சரி, சொல்ல வரும்போது சொல்லுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். டீ கொடுத்தார்கள். எழுந்திருக்க விடவில்லை. நெஞ்சுக்குப் போடுகிற மத்தியான மாத்திரை கடை டிராயரில் கிடந்தது. சாயங்காலம் அவர் பெஞ்சிலிருந்து சரிந்தபோதும், கடைசியில் சொல்லத்தான் குனிகிறார் என்று நினைத்தார்களாம்.

பின்கதவு தட்டப்பட்டது. மருந்துக்கடைக்காரர். எதிர் வரிசையில் கடை. தெருவில் எல்லாருக்கும் வேண்டியவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தார். பாயைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“பேசிட்டேன்க்கா,” என்றார் தங்கையிடம். “காலு கையில விழாத குறை. கமிட்டிச் செயலாளர் ஒத்துக்கிட்டாரு. ஒரே ஒரு வரி வீடியோவுல சொன்னா போதும். வண்டிக்கு வழி விட்டுருவாங்க.”

“என்ன வரி?”

அவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். “எங்க அண்ணன் புனிதச் சின்னத்தை அவமதிச்சுட்டார். அவர் செஞ்சது பாவம். குடும்பத்து சார்புல மன்னிப்பு கேட்டுக்கறோம்.”

“இது மூணு வரி,” என்றாள் தங்கை.

“அக்கா...”

“சரி சரி. சொல்றேன்.”

அண்ணி நிமிர்ந்தாள். “அவர் சொல்லலை,” என்றாள்.

“அவர் சொல்லலை அண்ணி. அதான் இங்க படுத்திருக்கார். நான் சொல்லிட்டுப் போறேன். எனக்கு இது ஒரு வேலையா?”

வேலைதான். தங்கை பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். தெருவில் அவளுக்கு மைக் என்று பெயர். பஸ் எங்கோ பஞ்சராகி நின்றால் இவள் வருந்துவாள். டிரைவர் வராவிட்டால் இவள் வருந்துவாள். யாரோ செய்த தப்புக்கெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை குரல் பிசகாமல் வருந்தியிருக்கிறாள். அதோடு இதுவும் ஒன்று. அண்ணன் நல்லபடியாக மண்ணுக்குள் போக வேண்டும், அழுகி நாறக் கூடாது. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணி அண்ணனின் சட்டைப் பித்தானைப் போட ஆரம்பித்தாள்.

மருந்துக்கடைக்காரர் பின்கதவுவரை போய்த் திரும்பி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். “இன்னொண்ணுக்கா. அந்த மூட்டை விஷயம் யார் காதுலயும் விழ வேண்டாம். புள்ளைங்க இருக்கு.”

அந்த மூட்டையை அவிழ்க்கும்போது தங்கை கடையில்தான் இருந்தாள். இவர் புதுவீட்டுக்குப் போன மாதம் அது. அப்பா காலத்துப் படங்களைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்து இறக்கினார். அன்றைக்கு எரிந்ததில் பாதிக்கு மேல் இவருடையது. நேற்று மண்டபத்தில் அண்ணனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் இவர்தான். எந்த மாத்திரை, எந்த வேளைக்கு என்று அண்ணியைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். மாதா மாதம் கவரில் போட்டு எழுதிக் கொடுப்பவரே இவர்தானே. ஆனால் காலையிலிருந்து இந்த வீட்டுக்குள் கால் வைத்தவரும் இவர் ஒருத்தர்தான்.

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்,” என்றாள்.

அண்ணனை ஸ்ட்ரெச்சரில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து வண்டியருகே நிறுத்தினார்கள். ஒரு பக்கம் வண்டி டிரைவர், மறுபக்கம் மருந்துக்கடைக்காரர், தலைமாட்டில் அண்ணி. கூட்டம் தெருமுனையிலிருந்து நகர்ந்து வந்து, வண்டியைச் சுற்றி வட்டம் கட்டிக்கொண்டது. கைகளில் போன்கள். டிரைவர் கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டான்.

மண்டபக் கமிட்டிச் செயலாளர் முன்னால் வந்தார். சாந்தமான மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. “வாங்கம்மா,” என்றார். “பதறாம சொல்லுங்க. யாரும் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க.” பிறகு தன் போனை மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார். “நீங்களே பிடிங்க தம்பி. உங்களுக்குத்தான் கை ஆடாது.”

தங்கை நேராக நின்று சொன்னாள். ஒரு எழுத்து தடுக்கவில்லை.

செயலாளர் தலையை ஆட்டினார். “அம்மா, பஸ் வரப் போற மாதிரி சொல்றீங்களே. துளிகூட வருத்தம் தெரியலையே.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை குரல் தானாகவே உடைந்தது. அவளுக்கே அது அவமானமாக இருந்தது. இப்போது வண்டி சத்தத்தில் பாவம் என்ற சொல் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். டிரைவர் இன்ஜினை நிறுத்தினான்.

“அப்புறம், வெட்டி ஒட்டினோம்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது,” என்றார் செயலாளர். “நேரலையாவே போட்டுருங்க தம்பி. அவர் முகமும் தெரியட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கப்பா.”

இரண்டு பேர் வந்து துணியை விலக்கி ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். வேகமாகத் திருப்பியதில் அண்ணனின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அண்ணி பாய்ந்து வந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அழவில்லை. தலையைப் பிடித்தபடி குனிந்தே நின்றாள்.

“ஆ, இப்ப சரியா இருக்கு,” என்றது ஒரு குரல்.

மருந்துக்கடைக்காரர் போனை உயர்த்தினார். “ஓடுதுக்கா,” என்றார். பிறகு மெதுவாக, ஆதரவாக, “அவ்வளவுதான். சொல்லிடுங்க. முடிஞ்சுது.”

தங்கை போனைத்தான் பார்க்க வேண்டும். அவள் போனுக்கு மேலே, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க அண்ணன்...” என்றாள்.

“ம், சொல்லுங்க.”

“எங்க அண்ணன் எரிச்சது நீங்க கொண்டாந்து குடுத்த படம். உங்க அப்பா காலத்துப் படம். சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தீங்க. நான் தூக்கிப் போட்டா பாவம், நீங்களே எரிச்சிருங்க பிரேம்காரரேன்னு சொன்னீங்க. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். நேத்து பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தீங்களே. நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? மாத்திரைக்கு நேரமாச்சுன்னாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் கத்தவில்லை. நிலையத்தின் கடைசி பஸ்ஸுக்கும் கேட்கிற குரல் அது, மைக் இல்லாமலேயே தெருமுனை வரைக்கும் போயிற்று. சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது.

மருந்துக்கடைக்காரர் போனைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கை மட்டும் ஆடத் தொடங்கியது.

“அப்படியா தம்பி?” என்றார் செயலாளர். அதே சாந்தமான குரல்.

“ஐயா, அக்கா ஏதோ துக்கத்துல...”

“அதில்லை. நீங்க குடுத்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

யாரும் யாரையும் தள்ளவில்லை. கூட்டம் முழுசும் அரை வட்டமாகத் திரும்பி, ஓரடி ஓரடியாக அவர் பக்கம் நகர்ந்தது. வண்டிக்கு முன்னால் இருந்தவர்களும் போனார்கள். தெரு பளிச்சென்று திறந்துகொண்டது.

“ஏறுங்கம்மா,” என்று டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். “சீக்கிரம். ஏறுங்க.”

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். அண்ணி அண்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தங்கை கதவோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. பின்கண்ணாடி வழியாக எதிர் வரிசைக் கடை தெரிந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி கல்லாவை விட்டு இறங்கி வந்து, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி,” என்றாள் தங்கை. “அவரை...”

அண்ணி நிமிரவில்லை. அண்ணனின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தங்கை நினைத்தாள். டிரைவரின் முதுகு கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வண்டி முனை திரும்புவதற்குள் யாரோ ஒருவர் மருந்துக்கடைக்காரரின் கையிலிருந்து போனை மரியாதையாக வாங்கி, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்.