கால்வாய்க் கரையில் பதினொரு பேர்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வந்த 1994 கோடையில், பிரான்சுக்கு மோட்டர்ஹோமில் போவோம் என்று நான்தான் சொன்னேன். கட்டிலும் அடுப்பும் உள்ளே இருக்கும், பின்னால் இரண்டு சைக்கிள் கொழுவலாம். என் மனைவி தவநாயகி, எனக்குத் தவம், உடனே தலையாட்டவில்லை. கடையில் சேலையைப் புரட்டிப் பார்ப்பதுபோல என் பேச்சைப் புரட்டிப் பார்த்தாள்.

நியாயம் அவள் பக்கம். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீட்டு ஹோலில் படுப்பது. பிரான்ஸ் என்றால் பாரிசில் யாரோ ஒருவருடைய நாலாம் மாடி. லண்டன் சட்டனில் எங்கள் வீடோ பதினொரு வருடமாக ஹீத்ரோ விமான நிலையத்தின் கிளைபோல நடந்தது. வந்து இறங்கியவர்கள், வேலை கிடைக்கும்வரை இருந்தவர்கள், வேலை கிடைத்த பிறகும் இருந்தவர்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமென்று அவள் ஒரு நாளும் சமைத்ததில்லை.

பேரம் தொடங்கியது. பாரிசில் மூன்று நாள் என்றேன். இல்லை என்றாள். ஒரு நேரச் சாப்பாடுவரை இறங்கினேன். அவள் அசையவில்லை.

“பத்து நாள். நீங்களும் நானும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சம்மதமெண்டால் வாறன்.”

இவ்வளவு மலிவாகக் கேட்பவளிடம் மேலே பேசுவது வியாபாரமில்லை. ஒப்புக்கொண்டேன்.

பிரான்சின் பர்கண்டிப் பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் மோட்டர்ஹோம் வானை நிறுத்தினோம். காலையில் சைக்கிளில் படகுகளை முந்துவோம். லொக் என்கிற மதகு வந்ததும், கதவை மூடித் தண்ணீர் நிரப்பிப் படகை மேலே ஏற்றுகிற வேடிக்கையைப் பார்த்து நிற்போம். நாங்கள் முந்திய படகே எங்களை முந்திப் போகும். யாருக்கும் அவசரமில்லை. சந்தையில் முலாம்பழத்துக்கு விரலால் பேரம் பேசினேன். விற்றவள் சிரித்தபடியே பழத்தை என் கையிலிருந்து வாங்கிக் கூடைக்குள் திரும்ப வைத்தாள். மூன்றாம் நாள் தவம் சைக்கிளில் எனக்கு முன்னால் போகத் தொடங்கினாள்.

நாலாம் நாள்தான் என் புத்தி வேலை செய்தது. பாரிசில் தவத்தின் பெரியம்மா மகன் பத்மநாதன் இருக்கிறார். நாங்கள் வந்துபோன கதை எப்படியும் ஆர்ச்வே முருகன் கோயிலில் வெளிவரும். தவத்தை நான்தான் போக விடவில்லை என்று பழி என் தலையில் விழும். முன்கூட்டியே ஒரு மன்னிப்புக் கேட்டுவைத்தால் என்ன? அவள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது தபால்கந்தோர் வாசலிலிருந்து போன் எடுத்தேன். வர வசதிப்படவில்லை என்று உருக்கமாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எங்கே நிற்கிறோம் என்று மட்டும் கேட்டார். மரியாதைக்கு லொக்கின் இலக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு இரண்டு கார் வந்து நின்றது. பத்மநாதன், அவர் மனைவி வசந்தமலர், இன்னும் ஏழு பேர், வெட்டாத ஆட்டுத்தொடை ஒன்று. தவத்தின் கையால் சாப்பிட்டு எத்தனை வருடம் என்று பத்மநாதன் உருகினார்.

தவம் என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை. பிரித்த பெட்டிக்குள் வேறு சரக்கு இருப்பதைக் கண்டவளின் அமைதி.

“வாங்கோ அண்ணை. இண்டைக்கு இவர்தான் சமையல். நான் அடுத்த ஊர்மட்டும் போட்டு வாறன்,” என்று சைக்கிளை இறக்கினாள்.

பத்மநாதன் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். வசந்தமலர் சிரிக்கவில்லை. என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“மச்சாள், இந்தச் சீற்றைக் கொஞ்சம் பதிக்க ஏலுமோ?”

நானே சீற்றைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் மரங்களுக்கிடையில் சின்னதாகிப் போனார்கள்.

மிச்ச ஒன்பது பேருக்கு இரண்டு அடுப்பில் நானும் பத்மநாதனும் சமைத்தோம். சோறு அடிப்பிடித்தது. இறைச்சி நாலு மணிக்குத்தான் பல்லுக்கு இணங்கியது. ஆறு மணிக்குப் பெண்கள் இருவரும் வெயிலில் கறுத்து, கோப்பி குடித்த கதையோடு வந்தார்கள். எங்கள் கறியை ருசி பார்க்கக்கூட மறுத்துவிட்டார்கள்.

புறப்படும்போது பத்மநாதன் என் தோளில் கைபோட்டார்.

“நாளைக்கு எந்த ஊர், மச்சான்? பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜாவும் பிள்ளையளோடை வாறன் எண்டவன்.”

தவம் வானின் முன் சீற்றில் ஏறியிருந்தாள். வரைபடம் அவள் மடியில் மடித்தபடி இருந்தது. அவள் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“எனக்குத் தெரியாது மச்சான்,” என்றேன். “அவவைத்தான் கேக்கவேணும்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் வாசலில் விருந்தாளியை வழியனுப்புவதுபோல மலர்ந்து சிரித்தாள், ஒரு ஊரின் பெயரும் சொல்லவில்லை. கார்கள் போன பிறகு வானைக் கிளப்பினேன்.

“வலது பக்கம்,” என்றாள்.