கை படாத காசு

மேசையில் விரித்த கறுப்பு வெல்வெட் துணிமேல் வெள்ளிக் காசுகள் கிடந்தன. எர்லிந்தா ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்து எடுத்து, வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து டக்கென்று மூடினாள். கையில் வெள்ளை நூல் உறை, வாயில் முகமூடி. பேசக் கூடாது. எச்சில் பொட்டு ஒன்று தெறித்தால் போதும், காசில் கறை விழுந்துவிடும். கறை விழுந்ததைச் சேகரிப்பவர் எவரும் சீந்தமாட்டார். தண்ணீர் பாட்டில் மேசைப் பக்கம் வரக் கூடாது. தூசி பறக்கும் என்று மின்விசிறியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். மெக்சிகோவின் சான் லூயிஸ் போத்தோசி நகரத்து மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பெண்கள் நாள் முழுக்க வெந்தார்கள். கூட்டை மூடியதும் மேலே ஒரு தங்கநிறச் சீட்டு ஒட்ட வேண்டும். 'மனிதக் கை படாதது' என்று அதில் அச்சடித்திருக்கும்.

"கை படாததாமே! அப்ப நம்ம கை என்னக்கா, மாட்டுக் குளம்பா?" என்பாள் பக்கத்து மேசைப் பெத்ரா, சாப்பாட்டு வேளையில் தொர்த்தியாச் சோள ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே.

"வாய மூடிக்கிட்டுத் தின்னுடி. தேவதைக்குக் கோவம் வந்துரப் போவுது" என்பாள் எர்லிந்தா.

தேவதை என்றால் காசில் இருக்கும் சிறகு விரித்த பெண். பெரிய காசிலும் அவள்தான், சட்டைப் பொத்தான் அளவுக் குட்டிக் காசிலும் அவள்தான். எதிலும் இத்தனை பெசோ என்று எண் போட்டிருக்காது. வெள்ளி என்ன விலையோ அது. அதற்குமேல் முதலாளி டோன் எவாரிஸ்தோ வைப்பது தனி விலை. வாங்கியவர் பெட்டகத்தில் பூட்டிவைத்து எப்போதாவது எடுத்துப் பார்ப்பார். அப்போதும் கூட்டைத் திறக்கமாட்டார்.

ஒருநாள் பெத்ரா மேசைமேலேயே மயங்கிச் சரிந்தாள். எர்லிந்தா முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"ஐயா, காசுமேல ஒரு சொட்டு வேர்வ விழக் கூடாதுன்னு பாக்குறீங்க. நாங்க செத்து விழுந்தா பரவால்லையா? அப்பப்ப வெளிய போயி ஒரு வாய் தண்ணி குடிக்க விடுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒருத்தியும் கையுறைய மாட்ட மாட்டா."

டோன் எவாரிஸ்தோ சிரித்தார். "அதுக்கென்னம்மா, பாக்கலாம்."

அவர் பார்த்த லட்சணம் அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. எர்லிந்தாவின் மேசையிலிருந்து குட்டிக் காசுகள் அடைத்த குழாய் டப்பா ஒன்றைக் காணோம் என்றார்கள். காவலாளி நிகானோர் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றான். உள்ளே கணக்குப் பார்க்கும் பெண் ஒருத்தி எல்லோரையும் உள்பாவாடையோடு நிற்கவைத்துச் சோதித்தாள். எர்லிந்தாவின் பின்னலை அவிழ்த்து உதறினாள். செருப்பின் அடித்தோலைக் கிழித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"போலீசுக்கெல்லாம் போகல. வயசுப் பொண்ண வச்சிருக்க, பாவம்" என்றார் முதலாளி. "நீயா நின்னுக்கிட்டதா இருக்கட்டும். நஷ்டஈடு அது இதுன்னு மட்டும் வந்து நிக்காத."

"நான் எடுக்கல ஐயா."

"பின்ன, தேவதை தானா பறந்து போச்சாக்கும்?"

மறுநாளே பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. தொர்த்தியாக் கடை வரிசையில் முன்னால் நின்றவள் இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். வேறு பட்டறையில் வேலை கேட்டதற்கு வாசலிலேயே கையை விரித்தார்கள். மகள் தெருவிலிருந்து அழுதுகொண்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எர்லிந்தா அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தாள். வேலை போனால் போகட்டும். திருடி என்ற பெயரோடு இந்த ஊரில் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை டோன் எவாரிஸ்தோவின் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். அவர்தான் ஞானத்தந்தை. ஊரே கோயில் முற்றத்தில் இருக்கும்.

"அத்தன பேர் முன்னால, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன். நான் திருடி இல்லன்னு அவரு வாயாலயே சொல்லணும்" என்றாள் எர்லிந்தா.

"வேணாங்க்கா" என்றாள் பெத்ரா. ஆனாலும் கூடவே வந்தாள்.

கோயில் கதவு திறந்தது. "போலோ! ஞானத்தந்தையே, போலோ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஞானஸ்நானம் முடிந்தால் ஞானத்தந்தை சில்லறையை வாரி இறைத்தே ஆக வேண்டும். கை இறுக்கினால் அதே பிள்ளைகள் கேலி பேசித் துரத்தும். டோன் எவாரிஸ்தோ பட்டுப்பைக்குள் கைவிட்டு அள்ளி வீசினார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கினார்கள். ஒரு காசு உருண்டு வந்து எர்லிந்தாவின் செருப்பில் முட்டி நின்றது.

குனிந்து எடுத்தாள். தேவதை.

இத்தனை வருஷத்தில் அவள் விரல் அதில் நேராகப் பட்டது அன்றுதான். சில்லென்று இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். பிள்ளைகளின் கைகளில் பெசோக்களுக்கு நடுவே அந்தப் பொத்தான் காசுகள் மின்னின.

கூட்டத்தை இடித்துக்கொண்டு படியேறினாள். "இதுதானேய்யா நான் திருடினது? உள்பாவாடையோட நிக்க வச்சுத் தேடினீங்களே, இதத்தானே? உங்க பையிலதானே இருந்திருக்கு!"

டோன் எவாரிஸ்தோவின் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. காசோடு அவள் உயர்த்திய கையைப் பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"நிகானோர், அவ கையில என்னன்னு பாரு."

நிகானோர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அடப்பாவி, கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தப் புள்ளைங்க கையில எல்லாம் இருக்கே! பாருங்கய்யா, எல்லாரும் பாருங்க!"

"ஐயா எறிஞ்சது சில்லற பெசோ" என்றான் நிகானோர். தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். ஞானத்தாய் குழந்தையின் லேஸ் உடுப்பை நீவினாள்.

"பெத்ரா, நீ சொல்லுடி. நீயும் பாத்தேல்ல?"

பெத்ராவுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அவள் கூட்டத்துக்குள் பின்வாங்கினாள்.

முதலாளி கைகாட்ட, தெருமுனையில் இருந்த போலீஸ் ரோந்து வண்டி வந்து நின்றது. நிகானோர் எர்லிந்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சட்டைப் பையிலிருந்து சுத்தமான கைக்குட்டையை எடுத்து, காசின் விளிம்பைப் பிடித்து, கை படாமல் சுற்றி முதலாளியிடம் கொடுத்தான்.

முற்றத்தின் மறுகோடியில் ஐஸ் வண்டிக்காரரிடம் ஒரு சிறுமி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு நம்பரையும் காணோமே கண்ணு. வெளையாட்டுக் காசு இது. நெசக் காசு கொண்டா, போ."

சிறுமி உதட்டைச் சுழித்தாள். தேவதையைச் சாக்கடையில் வீசிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும், யாருடையது தூரம் போகிறது என்று, ஒவ்வொன்றாக எறிய ஆரம்பித்தார்கள். ரோந்து வண்டியின் கம்பி போட்ட ஜன்னல் வழியாக எர்லிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது.