கிளியர் என்று சொன்னவன்

மயக்கம் தெளிந்து தேவேந்திரன் கண் விழித்தபோது, கட்டிலருகே டாக்டர் அவன் மனைவி மங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“தலை ஸ்கேன் கிளியரா இருக்குதும்மா. பயப்படாத. கைதான் பாக்கணும்.”

கிளியர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. நர்ஸ் வந்து தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் ஓர் அரிசி ஆலையில் தேவேந்திரன் பதினோரு வருடமாக எலக்ட்ரீஷியன். அன்று அமாவாசை. ஆட்களில் பாதிப்பேர் மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆலை ஓடாத நாள் என்பதால், பின்கொட்டகையில் நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டரின் மோட்டாரைப் பார்த்துவிடலாம் என்று போனான். இன்னொரு எலக்ட்ரீஷியன் பார்த்திபன் முன்பக்கம், சுவிட்சுகள் இருக்கிற பேனல் ரூமில் இருந்தான். நடுவில் இரண்டு கொட்டகை. கத்தினாலும் கேட்காது, போனில்தான் பேசவேண்டும். போனில் கேட்கும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் சொல்லும்படி பார்த்திபனிடம் காலையிலேயே சொல்லியிருந்தான்.

“கிளியரா?” என்று கேட்டது ஞாபகம் இருந்தது. “கிளியர்ணா” என்று பார்த்திபன் சொன்னதும் ஞாபகம் இருந்தது. மோட்டாரின் பெட்டியைத் திறந்து கையை வைத்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்பதை மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்கும்போதுதான் பார்த்தான்.

ஆலையில் மூட்டை தூக்குகிற குரு பார்க்க வந்தான். பிஸ்கட் பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“அண்ணா, சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீ கத்தினதும் நாங்கல்லாம் ஓடியாந்தோம். அவன்தான் கடைசியா வந்தான்.”

“யாரு, பார்த்திபனா?”

“ஆமா. அது மட்டுமில்ல. காலைல வண்டி நிறுத்துற எடத்துல நின்னு போன் பேசினு இருந்தான். ‘இந்தத் தடவ எப்படியும் கிளியர் பண்ணிடுவேன், இல்லன்னா அந்த ஆளுக்குக் கீழயே கெடக்கணும்’னான். என் காதால கேட்டேன்.”

குரு போனபிறகு தேவேந்திரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். போன மாதம்தான் முதலாளி அவனை சூப்பர்வைசர் ஆக்கினார். பார்த்திபன் அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தான். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், முகம் பார்க்கமாட்டான். வேலை தெரியாதவன் என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். பார்த்திபன் வேலை தெரிந்தவன். எந்தக் கைப்பிடியை இறக்கினால் எந்தக் கொட்டகை நிற்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

போலீஸ்காரர் எழுதிக்கொள்ள வந்தார்.

“கிளியரா சொல்லுப்பா. கவனக்கொறைவா, இல்ல வேணும்னு பண்ணானா?”

மங்கை அவன் முகத்தையே பார்த்தாள்.

“வேணும்னுதான் சார் பண்ணான்.”

அந்த வாரமெல்லாம் பார்த்திபனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆலையிலும் அவனை நிறுத்திவிட்டதாகக் குரு வந்து சொன்னான். தேவேந்திரனுக்கு அதில் நிம்மதி வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் இன்னும் வளர்ந்தது. போன வருடம் ஏணி சறுக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார்? பார்த்திபன்தான். கையுறையில் ஓட்டை இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவன்? அவனேதான். இப்படி ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அடுக்கினான்.

ஒருநாள் பார்த்திபனின் அம்மா குஞ்சம்மாள் பனமலையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு பை சாத்துக்குடியை மங்கையிடம் கொடுத்துவிட்டு, “எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

“அத தொடாத” என்றான் தேவேந்திரன்.

“பழம்தானேங்க.”

“தொடாதன்னு சொல்றேன் இல்ல!”

மங்கை பழங்களை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். சாயங்காலம் வரை அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு தின்றது, படுத்தது, எழுந்து இன்னொரு வீட்டு வேலிக்குப் போனது.

கீழே விழுந்ததில் அவன் போனின் டிஸ்ப்ளே நொறுங்கிப்போயிருந்தது. ஒரு மாதம் கழித்து மங்கை அதைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள். போனை நீட்டும்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

“இதுல பேசறதெல்லாம் ரெக்கார்டு ஆவுதாமே. கடக்காரன் சொன்னான். அன்னிக்கிப் பேசினதும் இருக்குது.”

“நீ கேட்டியா?”

“இல்ல. பயமா இருந்துச்சு.”

கதவைச் சாத்திவிட்டு இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அவன் இடது கையால் அழுத்தினான். முதலில் அவனுடைய குரலே வந்தது.

“பார்த்தி... அலோ... கேக்குதா?”

“உட்டு உட்டு கேக்குதுண்ணா. கொஞ்சம் தள்ளி வா.”

“இரு... இப்ப? கிளியரா?”

“ஆங், கிளியர்ணா.”

அப்புறம் திருகாணி கழலும் சத்தம். பிறகு, தன்னுடையது என்று நம்பமுடியாத ஓர் அலறல். மங்கை காதைப் பொத்திக்கொண்டாள். அணைக்கப்படாத போனில் பார்த்திபன் கத்துவது கேட்டது. “அண்ணா! அண்ணா!” நாற்காலி விழுந்தது. உடனே ‘கடக்’ என்று கனமான ஓர் இரும்புச் சத்தம். அதற்குப் பிறகு ஓடுகிற காலடி.

அந்த இரும்புச் சத்தத்தை தேவேந்திரன் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வான். பேனல் ரூமில் மெயின் கைப்பிடி இறங்கும் சத்தம். கரண்டை நிறுத்திவிட்டுத்தான் பார்த்திபன் ஓடிவந்திருக்கிறான். அதனால்தான் கடைசியாக வந்தான். அவன் முதலில் ஓடிவந்திருந்தால் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்க ஆள் இருந்திருக்காது.

தான் கேட்டது என்ன? மெயின் என்று சொல்லவில்லை, லைன் என்றும் சொல்லவில்லை. “இப்ப? கிளியரா?” அவ்வளவுதான். குரல் நன்றாகக் கேட்கிறதா என்று கேட்டது போலவே இருந்தது.

அப்படியும் மனம் விடவில்லை. பதினோரு தடவை போட்டுக் கேட்டான். அந்த “கிளியர்ணா”வுக்குள் எங்காவது ஒரு நக்கலோ நடுக்கமோ ஒளிந்திருக்கிறதா என்று தேடினான்.

“மொதலாளி இதக் கேட்டா தப்பு உங்களுதுன்னு சொல்லிடுவாரு” என்றாள் மங்கை. பிறகு அவனைப் பார்க்காமலேயே கேட்டாள்: “அழிச்சுடலாமா?”

அவன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். காலையில் சட்டையை மாட்டிவிடச் சொன்னான். ஸ்டேஷனுக்குப் போய்ப் போனை மேசைமேல் வைத்தான். போலீஸ்காரர் இரண்டு தடவை கேட்டார்.

“நீதானப்பா அப்படிக் கேட்டிருக்கிற.”

“ஆமா சார். வேணும்னு பண்ணான்னு நான் சொன்னது தப்பு. எழுதிக்குங்க.”

முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. சூப்பர்வைசர் பதவியை மட்டும் எடுத்துக்கொண்டு, லாரி எடை போடுகிற அறையில் உட்கார வைத்தார். மூன்று விரல்களால் சீட்டு கிழித்துக் கொடுக்கப் பழகினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனமலைக்குப் போனான். ஏரிக்கரையை ஒட்டிய ஒரு நிலத்தில் பார்த்திபன் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“ரெக்கார்டு கேட்டேன்டா” என்றான் தேவேந்திரன். “ஸ்டேஷன்ல குடுத்துட்டேன்.”

“சொன்னாங்க.”

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அன்னிக்கிக் காலைல போன்ல, கிளியர் பண்ணிடுவேன்னு யார்கிட்ட சொன்ன?”

பார்த்திபன் நிமிர்ந்து பார்த்தான். “எங்கம்மாகிட்ட. டிப்ளமால ஒரு பேப்பர் அரியர் நிக்குது. அத கிளியர் பண்ணா வேற கம்பெனிக்குப் போயிடலாம்னு சொன்னேன். உன் கீழ வேல செய்யப் புடிக்கல, அது நெசம்தான்.”

“எழுதினியா?”

“பரீட்ச அன்னிக்கி ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருந்தேன்.”

தேவேந்திரன் வரப்பில் உட்கார்ந்தான். கொக்குகள் ஏரியிலிருந்து எழுந்து மலைப்பக்கம் போயின. மன்னிப்பு கேட்க வந்தவன், அதற்குப் பதில் இன்னொரு கேள்வியைக் கேட்டுவிட்டான்.

“நான் போன் கேக்குதான்னு கேட்டதாத்தான் நெனச்சியா?”

பார்த்திபன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஒரு செகண்டு, மெயினக் கேக்குறியோன்னும் தோணுச்சு. திருப்பிக் கேட்டிருக்கலாம். உன்கூட இன்னொரு வார்த்த பேச மனசு வரல. நீயே மறுபடி சொல்லுவன்னு உட்டுட்டேன்.” கழற்றிய திருகாணி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினான். “கொல்லணும்னு நெனக்கலண்ணா. சத்தியமா நெனக்கல. கேக்கல, அவ்ளோதான். தெனமும் அதுதான் வந்து நிக்குது.”

இத்தனை நாளும் தேவேந்திரன் தேடியது இப்போது கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை.

“மெயினுன்னு ஒரு வார்த்த நான் சேத்து சொல்லியிருக்கலாம்” என்றான். “அடுத்த பரீட்ச எப்போ?”

“கார்த்திகைல.”

“போய் எழுது. கேஸ் இல்லன்னு லெட்டர் நான் வாங்கித் தர்றேன்.”

பார்த்திபன் தலையசைத்தான். மறுபடி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

தேவேந்திரன் வீடு திரும்பியதும் மங்கை சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். “இன்னா சொன்னான்?”

“போன் கேக்குதான்னு கேட்டதா நெனச்சானாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றான். இடது கையால் சோற்றைப் பிசைந்தான்.