பாதிச் சரவெடி

1

மறைந்த என் கணவர் கெங்-ஃபாயின் குளிர்காலக் கோட்டைத் தானம் கொடுக்க எடுத்தபோது, அதன் பையில் இன்னும் வெடிமருந்து வாசம். இந்தக் கதையை எழுதத் தொடங்கியது அங்கேதான். கோட்டைக் கொடுக்கவில்லை.

2

முதல் வரி: "ஹாங்காங்கில் பட்டாசு வெடித்தால் குற்றம், படகில் ஒரு மணி நேரம் போனால் மக்காவ், அங்கே புத்தாண்டுக்கு, ஒதுக்கிய திடலில், அதுவே மங்கலம்."

(செய்தித்தாள் வாடை அடிக்கிறது. இருக்கட்டும்.)

3

அவருக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. மருத்துவர் அந்த வருஷத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்றார். இவருக்கோ ஒரு சரம் வெடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. புத்தாண்டுக்கு மக்காவ் போனோம். தூறலில் சரம் பாதியில் அணைந்தது. காவலர் நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார். பாதியில் நின்ற சரம் வருஷத்தையும் பாதியில் நிறுத்தும் என்பது எங்கள் பயம்.

திரும்பும் படகில்தான் பார்த்தேன்.

"பையில என்னய்யா புடைச்சுக்கிட்டு?"

"மிச்சம்."

"அட கிழவா! இறங்கினதும் பிடிச்சா ஜெயில்தான்!"

"ஜெயில் கஞ்சி உன் கஞ்சிய விட நல்லாருக்குமாம்."

"விளையாடாத. கடல்ல போடு."

"இப்ப நாம எந்த ஊர்ல இருக்கோம், சொல்லு. குத்தமா, மங்கலமா?"

ஜன்னலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

(இங்கே எல்லைகளைப் பற்றித் தத்துவமாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அது போதும்.)

4

முடிவு ஒன்று: சுங்கத்துறைப் பெண் அவர் கோட்டைத் தட்டிப் பார்த்து, "தாத்தா, இது என்ன..."

(அந்தப் பெண் எழுத்தில் உயிரோடு எழுந்து நிற்க மாட்டேன் என்கிறாள். விட்டுவிட்டேன்.)

முடிவு இரண்டு: சரத்தை ஜன்னல் வழியே கடலில் எறிந்தார்.

(அந்தப் படகில் ஜன்னல் திறக்காது.)

முடிவு மூன்று: எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நான் வாளியோடு நிற்க, அவர் தீக்குச்சியைக்—

5

நான் ஹாங்காங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆகவே, இந்த ஊரில் படிப்பவர்கள் இரண்டாவது முடிவை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை நான் திறந்து தருகிறேன். அக்கரையில் படிப்பவர்கள் புத்தாண்டுக்குத் திடலுக்கு வாருங்கள், காதோடு சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எந்த ஊரிலும் சொல்லலாம். அந்த வருஷம் முழுக்க, அதன் கடைசி இரவுச் சாப்பாடு வரை, அவர் என் எதிரில் உட்கார்ந்து கஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.