பதினைந்தாவது சிவப்பு

ஜூன் ஆறாம் தேதி காலை எட்டு மணிக்கு, பதினான்கு படகுக்காரர்களின் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் ஒரே சேதி போய்ச் சேர்ந்தது: 'உங்கள் படகின் வேலை தாமதம்.' எட்டரைக்குள் அவர்களில் பாதிப் பேர் பட்டறை வாசலில் நின்றார்கள். அனுப்பியது இளவேனில் உருவாக்கிய கணினிப் பலகை. அவள் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் பார்த்தாள்.

அரசலாற்றங்கரையில் இருக்கும் அந்தப் படகுப் பட்டறை ஜெகபர் சாதிக்குடையது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் அங்கே கரையேறும். பழுதான மரத்தை மாற்றி, இஞ்சின் பார்த்து, பெயிண்ட் அடித்து, ஜூன் பதினான்குக்குள் எல்லாம் மறுபடி தண்ணீரில் இறங்கியாக வேண்டும். எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்ற விவரம் இத்தனை வருஷமும் சாதிக்கின் தலைக்குள்தான் இருந்தது. அந்தத் தலையோ மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தையே மறக்கும் தலை.

அதனால்தான் நெரவியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் இளவேனிலை மூன்று மாதத்துக்கு எடுத்தார். அவள் செய்த பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் வேலைக்காரர் தன் போனில் 'முடிந்தது' என்று அழுத்தினால் பச்சை. அழுத்தாவிட்டால் பலகை தானே சிவப்பாகி, மறுநாள் எட்டு மணிக்கு உரியவருக்குச் சேதி அனுப்பிவிடும். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு அலைய வேண்டாம்.

"இது ஒழுங்கா ஓடுனா, பதினாலாந்தேதிக்குள்ள ஒன்ன நெரந்தரமாக்கி லெட்டர் தந்துடுறேம்மா. இல்லன்னா எனக்கு என் மண்டையே போதும்" என்றிருந்தார் சாதிக். யார் வாக்குக் கொடுத்தாலும் பலகையில் ஏற்றுவது அவள் வழக்கம். அதையும் அன்றே சாதிக்கின் பெயரில் ஏற்றினாள். லெட்டர் கிடைக்காவிட்டால் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். சென்னை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

படகை இறக்குமுன் முடிக்க வேண்டிய கரைவேலைக்குக் கெடு ஜூன் ஐந்து. கடைசி நாளில் எல்லாரும் மொத்தமாக அழுத்துவார்கள் என்று நம்பியிருந்தாள். ஒருவர்கூட அழுத்தவில்லை. பதினான்கும் சிவப்பு.

வாசலில் நின்றவர்களில் முன்னால் நின்றது கருக்களாச்சேரி அஞ்சுகம். சொந்தப் படகும் அதைவிடப் பெரிய குரலும் உடையவர். "எந்த மகராசன் எம் படகு மேல படுத்துத் தூங்குறான்? வரச்சொல்லு!"

சாதிக் இளவேனிலை முறைத்தார். அவள் நேரே தலைமைத் தச்சர் செல்லையனிடம் ஓடினாள். அவர் நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அஞ்சுகம் அக்கா படகுல என்ன பாக்கி?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் முடிஞ்சதுன்னு அமுக்கல?"

செல்லையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தண்ணியில எறங்கி, ஒழுகாம மொதக்குதான்னு பாக்காம, எப்படிம்மா முடிஞ்சிச்சுன்னு சொல்றது? இந்தக் கரையில எவனும் சொல்ல மாட்டான். சொல்லிட்டு எறக்குனா கண்டிப்பா ஒழுகும்."

"எல்லாருமே இப்படித்தானா?"

"பின்ன?"

போச்சுடா என்று திரும்பி வந்து மேசையில் தலையைக் கவிழ்த்தாள். நெற்றியில் இடித்தது சாமான் நோட்டு. கிரைண்டர், டிரில், செயின் பிளாக் என்று பட்டறைச் சாமானை எந்தப் படகுக்கு எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று அவளே எழுதி வைக்கும் நோட்டு. சும்மா புரட்டினாள். அஞ்சுகம் படகுக்குப் போன சாமான் எல்லாம் ஜூன் மூன்றாம் தேதியே திரும்பியிருந்தது.

வேலை பாக்கி இருக்கும்போது எவன் கிரைண்டரைத் திருப்பித் தருவான்?

மத்தியானச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தாள். 'முடிந்தது' பொத்தானைத் தூக்கிக் கடாசினாள். கடைசிச் சாமான் திரும்பி வரும் தேதியையே பலகை பார்த்துக்கொள்ளும்படி மாற்றினாள். நோட்டில் இருந்ததை எல்லாம் ஏற்றியதும் பலகை மளமளவென்று நிறம் மாறியது. பதின்மூன்று பச்சை, ஒன்றே ஒன்று சிவப்பு. பட்டினச்சேரிப் படகொன்றுக்குப் போன செயின் பிளாக் திரும்பவில்லை; விசாரித்தால், அதன் இஞ்சினுக்கு வேண்டிய உதிரிப்பாகம் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சேரவே இல்லை. பதினான்கு சிவப்புக்குள் ஒளிந்திருந்தது இப்போது தனியாக மாட்டிக்கொண்டது. சாதிக் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதை வாங்கி வந்தார்.

அஞ்சுகத்துக்குப் புதுச் சேதி போனது: 'உங்கள் படகுக்குப் போன சாமான்கள் ஜூன் 3 அன்று பட்டறைக்குத் திரும்பின.' முடிந்தது என்ற பேச்சே இல்லை. செல்லையன் படிக்கச் சொல்லிக் கேட்டு, "இது நல்லாருக்கு" என்றார்.

பதினான்காம் தேதி மாலைக்குள் பதினான்கு படகும் தண்ணீரில் இறங்கின. ஒன்றும் ஒழுகவில்லை. ஆனால் லெட்டரைப் பற்றி சாதிக் மூச்சு விடவில்லை. தானாகக் கேட்க அவளுக்குக் கூச்சம். பஸ்ஸில் நெரவி போய்ச் சேரும்வரை முகம் தொங்கிப்போய்த்தான் இருந்தாள்.

மறுநாள் காலை படகுகள் கடலுக்குப் போயிருந்தன. எட்டு மணிக்கு சாதிக் போனை நீட்டியபடி வந்தார். "என்னம்மா இது, எனக்கே தாமதம்னு அனுப்புது?"

'இளவேனிலுக்கு நிரந்தர வேலைக் கடிதம்: தாமதம்.'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க சொன்னத அன்னைக்கே ஏத்திட்டேன் பாய். ஏத்துனதே மறந்து போச்சு. அது தானா அனுப்பிடுச்சு."

சாதிக் மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே கடிதம், கையெழுத்து, தேதி ஜூன் எட்டு.

"எட்டாந்தேதியே போட்டு வச்சிட்டேன். பதினாலும் ஒரு ராத்திரியாவது தண்ணியில மொதக்காம நான் எப்படிம்மா வாயத் தொறப்பேன்?"

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கதவோரம் நின்றிருந்த செல்லையன் தொண்டையைச் செருமினார். "அதான் எல்லாம் மொதக்குதுல்ல. இப்பச் சொல்லிக்க."

"முடிஞ்சிச்சு மேஸ்திரி" என்றாள் இளவேனில். பலகையில் எட்டாம் தேதியைப் போட்டு, முதலாளியின் சிவப்பைப் பச்சையாக்கினாள்.