தம் உடைக்கிற கை

இந்தக் கோட்டையைத் தேர்ந்தெடுத்ததே குல்ஷன்தான். மகள் ஜோயாவின் போனில் யாரோ போட்டிருந்த வீடியோவில் மலை உச்சியில் இடிந்த மதில் தெரிந்தது, மதிலுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கடல். "பெருநா கழிச்சு இங்கதான் போறோம்" என்று குல்ஷன் சொன்னபோது பூந்தமல்லி வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மறுப்பானேன்? எங்கே போனாலும் கூடவே பிரியாணி வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வந்த வினையே அந்தப் பிரியாணிதான். அவள் கணவர் ஷஃபியுல்லாவின் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. தம் போட்ட கைதான் தம்மை உடைத்து மூடியைத் திறக்க வேண்டும். வேறு கை பட்டால் பரக்கத் எனும் இறையருள் போய்விடும். சட்டம் போட்ட மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் அசையவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, தேக்சா அண்டாவின் மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பி, சாக்கில் சுற்றி வேனில் ஏற்றுவது குல்ஷன். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் தேக்சா இருக்கும் இடத்தில் அவள் இருந்தாக வேண்டும். ஏற்காட்டில் எல்லோரும் மலை விளிம்புக்குப் போனபோது அவள் வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தாள். மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இந்த முறை விடுவதில்லை என்று வந்திருந்தாள். முட்டி வேறு தேய ஆரம்பித்துவிட்டது. இனி படியே ஏறாதே என்று டாக்டர் சொல்லாத குறை. இப்போது ஏறாவிட்டால் பிறகு எப்போது?

வேன் நின்றதும் இளசுகள் ஓடிவிட்டன. வெயிலுக்கும் படிக்கட்டுக்கும் பரம விரோதியான ஷஃபியுல்லா, "நான் இங்கயே குந்திக்கிறேன்" என்று புளியமர நிழலில் பாயை விரித்தார். குல்ஷன் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி மலையில் போன் அடித்தது.

"குல்ஷனு, கொரங்கு கூட்டமா வந்துகினு கீது. தேக்சாவையே பாக்குதுங்க. சீக்கிரம் எறங்கு."

"வெரட்டுங்களேன்!"

"நீ வந்து பாரு, அப்ப தெரியும்."

வந்து பார்த்தாள். இருந்தது ஒரே ஒரு குரங்கு, அதுவும் கிழம். டிரைவர் மதுரைவீரன் போட்ட பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்த பார்வையில் ஷஃபியுல்லா தானே எழுந்து தேக்சாவை வேனுக்குள் தள்ளினார். அவள் மறுபடி ஏறத் தொடங்கினாள்.

முதல் தடவை சும்மா இருந்த முட்டி இப்போது வலித்தது. எதிரே நாத்தனார் உஸ்மாவும் பிள்ளைகளும் இறங்கி வந்தார்கள். "இன்னா பாபி, இப்பதான் போறீங்களா? மேல செம்ம காத்து! பசி உயிர் போவுது, சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே உஸ்மா கடந்து போனாள். ஜோயா மட்டும் நின்றாள். "அம்மா, நீ ஏன் கஷ்டப்படுற? போட்டோ எடுத்து வெச்சிகீறேன், வா."

போட்டோவாம்! குல்ஷன் மேலே நடந்தாள்.

உடைந்த கோட்டை வாசல் வந்தது. உள்ளே போனால் மதில், மதிலில் ஏறினால் கடல். சொல்லி வைத்ததுபோல் மீண்டும் போன்.

"எங்க கீற? எல்லாரும் தட்டு வெச்சிகினு குந்தினு கீறாங்க. டிரைவருக்கு வேற கண்ணு இருட்டுதாம். வந்து தம் ஒட."

"நீங்களே ஒடைங்க."

"இன்னா பேசுற? எங்கம்மா சொன்னது மறந்து பூட்டுதா?"

"பையில கத்தி கீது. மாவ சுத்தி கீறிட்டு மூடிய தூக்குங்க. இல்லாங்காட்டி பட்டினியா குந்துங்க. நான் எறங்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் முடியாது என்று சொன்னதே இல்லை. சோறு குழைந்திருந்தாலும் கறி வேகாமல் இருந்தாலும் பழி இனி தன் தலையில்தான் விடியும். போனைக் காதிலிருந்து எடுக்காமலே மதில்மேல் ஏறினாள். போனில் யாரோ "பிஸ்மில்லா" என்றார்கள். மூடி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"குல்ஷனு..." ஷஃபியுல்லாவின் வாய் நிறைய சோறு. "ஒன்னும் ஆவல. எப்பவும் போலவே சூப்பரா கீது."

கடல் அவள் முன்னால் கிடந்தது. வீடியோவில் பார்த்ததைவிடப் பெரிது. அதைப் பார்க்கத்தான் வந்தாள், இப்போது பார்க்க முடியவில்லை. எப்பவும் போலவே! அப்படியானால் ஏற்காட்டில் யார் உடைத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். மாமல்லபுரத்திலும்தான். ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹலோ, எறங்கி வரியா? ஒனக்கு எடுத்து வெக்கட்டா?"

"எடுத்து வெக்காதீங்க. ஒரு தட்டுல போட்டு எடுத்துகினு மேல வாங்க."

"நானா? மலைக்கா?"

"நீங்கதான். ஜோயா கையில குடுத்து அனுப்புனா திருப்பி அனுப்பிடுவேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

வெகுநேரம் கழித்துப் படிக்கட்டின் திருப்பத்தில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. ஒரு கையில் மூடிய தட்டு, மறு கையில் குரங்கை விரட்டக் குச்சி. நாலடிக்கு ஒருதரம் நின்று ஷஃபியுல்லா மூச்சு வாங்கினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்து எதிரே போகவில்லை. கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் வந்து சேரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.