வெஸல்ஹாகேக்களின் சுவர்

வெஸல்ஹாகே என்ற குடும்பப் பெயர் ஜெர்மனி முழுக்கத் தேடினாலும் இருநூறு பேருக்கு மேல் தேறாது. தலைக்கனத்தில் மட்டும் அவர்களுக்குக் குறைச்சல் இல்லை. வெஸ்ட்ஃபாலியாவில் அவர்கள் வருஷந்தோறும் கூடும் விடுதியின் சுவரில், பேர்பெற்ற ஐந்து வெஸல்ஹாகேக்கள் படமாகத் தொங்கினார்கள். நடுநாயகமாக, வால்நட்சத்திரம் கண்டுபிடித்த யோஹான்.

ஆறாவதாகத் தன் கணவன் தீபோரின் படம் ஏற வேண்டும் என்று வீப்கேவுக்கு ஆசை. பாலம் கட்டிப் பரிசு வாங்கியவன். கல்யாணத்தின்போது அவள் குடும்பப் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டவன். குடும்பச் சங்கத்தின் தலைவர் ஹார்ட்விக் பெரியப்பா ஒத்துக்கொண்டால்தானே?

"மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா பொறப்புல வந்த பேருக்குத்தாம்மா இந்தச் சுவரு. கட்டிக்கிட்டு வந்த பேருக்கு இல்ல" என்று போன வருஷம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தீபோர் சிரித்து மழுப்பினான். வீப்கேவுக்கு வயிறெரிந்தது.

அந்த எரிச்சலில்தான் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டப் போனாள். போகப்போக எரிச்சல் மறந்து, யார்தான் இந்த யோஹான் என்ற குடைச்சல் பிடித்துக்கொண்டது. பிறப்புப் பக்கங்களில் ஆளையே காணோம். மூன்று சனிக்கிழமை தேடியபின் கல்யாணப் பக்கத்தில் அகப்பட்டான். பிறப்பில் அவன் குடும்பப் பெயர் லூக்கிங். வெஸல்ஹாகே பண்ணையின் விதவையைக் கட்டி, அந்தப் பக்கத்து வழக்கப்படி பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டவன். அவளும் வெளியூர்க்காரி; முதல் கணவனுக்குப் பிள்ளையும் இல்லை. ஆக, யோஹான் வழி வந்த யாருக்குமே அது பிறப்பில் வந்த பெயர் இல்லை.

இந்த வருஷக் கூட்டத்தில், காபி வேளையில், அந்தக் கல்யாணப் பதிவின் நகலைப் பெரியப்பா முன்னால் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் யோஹானைச் சுவரிலிருந்து இறக்கினார்.

"என்ன பெரியப்பா பண்றீங்க?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பக்கத்துப் படத்துல இருக்கற இந்தப் பாடகி அவரு பேத்தி, இவளும் எறங்கணும்."

மற்ற மூவரும் யோஹானின் வழிதான். ஐந்து படமும் மேஜைக்கு வந்துவிட்டன. இதையா வீப்கே கேட்டாள்? கடைசியில் அவர் தன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டையும் கழற்றினார்.

"நானும் அவரு வழிதாம்மா."

 பிடிவாதக்காரர், ஆனால் யோக்கியர். எழுபத்தொன்பது வயதில் யாரோ போல நின்ற அவரைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது.

தீபோர் எழுந்து வந்தான். சீட்டை எடுத்து அவர் சட்டையிலேயே குத்திவிட்டான்.

"நான் இந்தப் பேரு வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு மாமா. மொத ரெண்டு வருஷம்தான் கூச்சமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

 பெரியப்பா வீப்கே பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை படம் கொண்டாந்திருக்கியா?"

"கார்ல இருக்கு."

"எடுத்துட்டு வா. மொதல்ல அவரை மாட்டுவோம். மத்தவங்க அப்புறம்."